பக்கத்துத் தெரு அரசுத் தொடக்கப் பள்ளியில் குழந்தையைச் சேர்க்கலாமா? முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மேடவாக்கத்திலோ பெரும்பாக்கத்திலோ கடன் வாங்கி ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறீர்கள். பால்கனியில் நின்றால் பின்தெருவில் ஒரு அரசுப் பள்ளி தெரிகிறது. காலையில் பிள்ளைகள் வரிசையில் நின்று தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவது உங்கள் வீட்டு ஹால் வரை கேட்கிறது. ஆனால், மூன்றரை வயதுக் குழந்தைக்குப் பள்ளி தேடும்போது அந்தப் பள்ளி உங்கள் பட்டியலிலேயே இல்லை. 8 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் பள்ளியின் விண்ணப்பம்தான் மேசை மேல் இருக்கிறது. வேன் கட்டணம் தனி.

அல்லது, பட்டியலில் இருக்கிறது. வெளியே சொல்லத்தான் தயக்கம். சொன்னால், "ஏன், கம்பெனியில ஏதாவது பிரச்னையா?" என்று கேட்பார்கள்.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுப் பாருங்கள். "எங்க வீட்டுக்கு வேலைக்கு வர்ற அக்காவோட பையன் அங்கதான் படிக்கிறான், நல்லா படிக்கிறான்" என்பார் ஒருவர். "ஐயோ, வேண்டவே வேண்டாம், டீச்சரே இல்லையாம்" என்பார் இன்னொருவர். இருவருமே அந்தப் பள்ளியின் கேட்டைத் தாண்டி உள்ளே போயிருக்க வாய்ப்பு குறைவு.

'அரசுப் பள்ளி நல்லதா, கெட்டதா?' என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. 'பின்தெருவில் இருக்கும் இந்தப் பள்ளியில், இந்த வருடம், 5 வகுப்புகளுக்கு எத்தனை ஆசிரியர்கள்?' என்ற கேள்விக்குப் பதில் உண்டு. பெற்றோர் சொல்லும் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில், இது யாருடைய பள்ளி?

புறநகரில் 'கவர்மென்ட் ஸ்கூல்' என்று நாம் பொதுவாகச் சொல்வது ஒரே வகைப் பள்ளி அல்ல. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் போன்ற ஊர்களில் இருப்பவை பரங்கிமலை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள். மாநகராட்சி எல்லைக்குள் மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு. தனியார் நிர்வாகம் நடத்தி, ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் உண்டு.

இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா? கழிவறை உடைந்தால் யாரிடம் போவது என்பது இதைப் பொறுத்தது. ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்றால் கட்டடத்துக்கு ஒன்றிய அலுவலகம், பாடத்துக்கு வட்டாரக் கல்வி அலுவலர். ஊர் நகரமாகிவிட்டது, அடுக்குமாடிகள் வந்துவிட்டன. பள்ளியோ பெரும்பாலும் ஒரு சின்ன கிராமத்துக்காகக் கட்டியதுதான்.

கையில் என்ன கிடைக்கும்?

கட்டணம் இல்லை. பாடப்புத்தகம், நோட்டு, சீருடை, பை, காலணி எல்லாம் இலவசம். மதியம் முட்டையோடு சத்துணவு. காலையில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சிற்றுண்டி.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகளில் மட்டும் இருந்தது. 2023 ஆகஸ்ட்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பிறகு 2024-ல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025-ல் நகர்ப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. காலை 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பும் ஒரு தாய்க்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்கள் வீட்டில் வேலை செய்பவரிடம் கேட்டால் தெரியும்.

படிப்பைப் பொறுத்தவரை, கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. 2023-ல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கும் விரிந்தது. பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்பதைவிட, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, 'அரும்பு', 'மொட்டு', 'மலர்' என்று பிரித்துப் பயிற்சிப் புத்தகம் கொடுக்கிறார்கள். பாட்டு, ஆட்டம், அட்டைகள் என்றுதான் பாடம் போகும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு இது உண்மையிலேயே கைகொடுக்கும். நன்றாகப் படிக்கும் பிள்ளை சலித்துப்போகாமல் இருப்பது டீச்சர் கையில்தான் இருக்கிறது.

'30 பேருக்கு ஒரு டீச்சர்' கணக்கு எங்கே இடிக்கிறது?

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம், கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 குழந்தைகள் வரை 2 ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை 3 பேர். 91 முதல் 120 வரை 4 பேர். 121-ஐத் தொட்டால் 5 பேர். 150-ஐத் தாண்டினால் 5 ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமையாசிரியர்.

'30 பேருக்கு ஒரு டீச்சரா? தனியார்ல 40 பேர் உட்கார்ந்திருக்காங்களே!' என்று தோன்றும். ஆனால், இந்தக் கணக்கு மொத்தப் பள்ளிக்கானது, வகுப்புக்கானது அல்ல. 55 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு 2 ஆசிரியர்கள். வகுப்புகளோ 5. அதாவது, ஒரு டீச்சர் 1, 2, 3-ஆம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்துவார். இன்னொருவர் 4, 5-ஆம் வகுப்புகளை. அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். வருகைப் பதிவு, எமிஸ் தளத்தில் விவரம் ஏற்றுவது, சத்துணவுக் கணக்கு, அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான்.

ஒருநாள் ஒருவர் பயிற்சிக்குப் போனால்? 5 வகுப்புக்கு ஒருவர். இருவரில் ஒருவருக்குத் தேர்தல் பணி வந்தால்? அதே நிலை. ஆசிரியர்களைக் கல்வி சாராத வேலைக்கு அனுப்பக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் அதே சட்டம் விலக்கும் தருகிறது. "டீச்சரே இல்லையாம்" என்ற வாட்ஸ்அப் செய்தியின் பின்னால் இருப்பது பல நேரங்களில் சோம்பேறித்தனம் அல்ல, இந்தக் கணக்கு.

இதில் ஒரு சுழலும் இருக்கிறது. மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் முடிவாகிறது. பிள்ளைகள் குறைந்தால் ஒரு ஆசிரியர் 'உபரி' ஆவார்; பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். ஆசிரியர் குறைந்ததும் இன்னும் நாலு பெற்றோர் டி.சி. கேட்பார்கள். அடுத்த வருடம் எண்ணிக்கை இன்னும் இறங்கும். எதிர்ப்பக்கமும் உண்மை. 60 பேர் படிக்கும் பள்ளியில் 61-வது குழந்தை சேர்ந்தால், மூன்றாவது ஆசிரியரைக் கேட்கச் சட்டப்படி இடம் வருகிறது. பணியிடம் உடனே நிரம்பிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்பதற்கு ஒரு எண் கையில் இருக்கிறது.

பெற்றோருக்கு எங்கே வலிக்கிறது?

கழிவறையில்தான் முதல் பிரச்னை. கட்டடம் இருக்கும், தண்ணீர் இருக்காது, அல்லது சுத்தம் செய்ய ஆள் தினமும் வர மாட்டார், அல்லது பூட்டியே இருக்கும். வீட்டுக்கு வரும்வரை அடக்கிக்கொண்டே இருக்கும் பெண் குழந்தைகளின் அம்மாக்கள் இதைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள்.

இரண்டாவது, நேரம். பள்ளி மாலை 4 மணி வாக்கில் முடிந்துவிடும். அதன்பின் பள்ளியில் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. வேனும் இல்லை. சிறுசேரியிலிருந்து நீங்கள் வீடு திரும்ப இரவு 7 மணி. தாத்தா, பாட்டி உடன் இல்லாத வீட்டில் இது சின்ன விஷயம் அல்ல. அரசுப் பள்ளியை விரும்பும் பல இளம் தம்பதிகள் பின்வாங்குவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, மரியாதை. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. நீங்கள் ஐ.டி. கார்டு மாட்டிக்கொண்டு போனால், "வாங்க சார், உட்காருங்க" என்று நாற்காலி போடுவார்கள். அதே பள்ளியில் கட்டட வேலை செய்யும் ஒரு அப்பா, பிள்ளைக்கு ஏன் அடி விழுந்தது என்று கேட்க வாசலிலேயே நிற்பார். "வீட்ல நீங்க சொல்லிக்கொடுக்கிறதில்ல, இங்க வந்து கேக்கிறீங்க" என்று பதில் வரும். எல்லாப் பள்ளியிலும் இப்படி இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் தெரிந்து வைத்திருக்கும், சொந்தக் காசில் பென்சில் வாங்கிக் கொடுக்கும் டீச்சர்களும் இதே பள்ளிகளில்தான் இருக்கிறார்கள். அந்த டீச்சருக்கு மாறுதல் வந்தால் ஊரே கேட்டில் நிற்பதும் நடக்கிறது. ஆனால் ஒரு நல்ல டீச்சரை மட்டும் நம்பி இருக்கும் பள்ளி, அவர் போனதும் தடுமாறும்.

'அங்க யார் பிள்ளைங்க படிக்கிறாங்க?'

நேர்மையாகப் பேசினால், பல வீடுகளில் தயக்கத்தின் உண்மையான பெயர் இதுதான். ஆங்கிலம், கழிவறை எல்லாம் அதற்குப் பிறகு வருபவை.

புறநகர் அரசுப் பள்ளியில் உங்கள் அபார்ட்மென்ட் காவலாளியின் மகள் இருப்பாள். நகரத்துக்குள்ளிருந்து பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இருப்பார்கள். உங்கள் கட்டடத்தையே கட்டிய ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருப்பார்கள்; அவர்கள் தமிழை வகுப்பில்தான் முதல்முறையாகக் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களில் சிலர் வருட நடுவில் வருவார்கள், வருட நடுவிலேயே போய்விடுவார்கள். இது டீச்சருக்குக் கூடுதல் சுமை என்பது உண்மை. உங்கள் குழந்தை இந்த ஊரில் யாரெல்லாம் வாழ்கிறார்கள் என்று தெரிந்து வளரும் என்பதும் உண்மை. இரண்டையும் தட்டில் வைத்து எடை போட வேண்டியது நீங்கள்தான். ஆனால் "இங்கிலீஷ்தான் பிரச்னை" என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. 2012-13 முதலே தமிழக அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் உண்டு. ஆனால் ஆசிரியர் குறைவாக உள்ள பள்ளியில் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் ஒரே டீச்சர், ஒரே அறையில் நடத்துவதும் உண்டு. பலகையில் 'ஆங்கில வழி' என்று எழுதியிருப்பதை விட, யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள்.

முடிவு 3 வயதிலேயே எடுக்கப்படுகிறது

பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகள் 1-ஆம் வகுப்பில்தான், அதாவது 5 வயதில்தான் தொடங்குகின்றன. பெற்றோரோ 3 வயதிலேயே எல்.கே.ஜி. தேடுகிறார்கள். 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கப்பட்டன. உங்கள் பின்தெருப் பள்ளி அதில் இல்லையென்றால், குழந்தை தனியாரில் சேர்ந்து, நண்பர்கள் பிடித்து, வேனுக்கும் பழகியிருக்கும். 5 வயதில் அதை மாற்ற யாருக்கும் மனசு வராது.

வருமானம் விழும்போது மட்டும் மனசு மாறுகிறது. கிராமப்புறங்களை மட்டும் பார்க்கும் ஏசர் ஆய்வின்படி, 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள் 2018-ல் 65.6%. கொரோனாவுக்குப் பின் 2022-ல் அது 72.9% ஆனது. 2024-ல் மறுபடி 66.8%. வந்தவர்கள் கிட்டத்தட்ட அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களைத் தக்கவைக்கும் அளவுக்குப் பள்ளிகள் மாறவில்லை என்பதும் இந்த எண்ணுக்குள் இருக்கிறது.

இன்னொன்று. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5% ஒதுக்கீடு உண்டு. அது 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. எனவே, அதை வைத்து மட்டும் தொடக்கப் பள்ளி முடிவை எடுக்க வேண்டியதில்லை.

நேரில் போய் என்ன பார்ப்பது?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு மணி நேரம் லீவு போட்டுவிட்டுப் போங்கள். விழா நாளில் போகாதீர்கள். விழா நாளில் எல்லாப் பள்ளியும் அழகாகத்தான் இருக்கும்.

- மொத்தம் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள்? அதில் நிரந்தரம் எத்தனை பேர், தற்காலிகம் எத்தனை பேர்?
- 3 வருடமாக எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா?
- 1-ஆம் வகுப்பு தனியாக உட்கார்ந்திருக்கிறதா, வேறு வகுப்போடு சேர்ந்தா?
- கழிவறை திறந்திருக்கிறதா, தண்ணீர் வருகிறதா? ஆசிரியர் கழிவறையை அல்ல, பிள்ளைகளுடையதைப் பாருங்கள்.
- 3-ஆம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் கடைசியாகத் திருத்திய தேதி என்ன?
- இங்கே 5-ஆம் வகுப்பு முடித்தவர்கள் 6-ஆம் வகுப்புக்கு எங்கே போகிறார்கள்?
- பள்ளி விடும் நேரத்தில் வெளியே காத்திருக்கும் அம்மாக்களிடம் பேசுங்கள். "மிஸ் எப்படி?" என்று கேட்டால் போதும், மீதி தானாக வரும்.

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யுடைஸ் எண் உண்டு. அதை வைத்து மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளத்தில் பள்ளியின் அடிப்படை விவரங்களைப் பார்க்கலாம். நேரில் பார்த்ததோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

சேர்க்கைக்குப் போகும்போது இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ, டி.சி. தாமதமானதற்காகவோ, தாமதமாக வந்ததற்காகவோ சேர்க்கையை மறுக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. குழந்தைக்கோ பெற்றோருக்கோ நேர்காணல் வைக்கக் கூடாது. இந்தத் தடை தனியார் பள்ளிக்கும் பொருந்தும்.

சேர்த்த பிறகு உங்கள் பங்கு என்ன?

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. தமிழ்நாட்டில் 2022-லும் 2024-லும் இந்தக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன.

காகிதத்தில் பெரிய அதிகாரம்தான். நடைமுறையில், கூட்டத்துக்கு வந்தால் ஒரு நாள் கூலி போகும் என்பதால் பல பெற்றோர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட முடியும். மனு எழுதத் தெரியும், அட்டவணையின் எண் தெரியும், 'மூன்றாவது பணியிடம் எங்கே?' என்று வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்க முடியும். ஒன்று மட்டும் கவனம். அங்கே ஏற்கெனவே இருக்கும் அம்மாக்களுக்குப் பள்ளியைப் பற்றி உங்களைவிட அதிகம் தெரியும். முதல் இரண்டு கூட்டத்தில் கேட்டுக்கொண்டிருங்கள்.

புகார் என்றால் வகுப்பு ஆசிரியர், தலைமையாசிரியர், மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகப் போகலாம். தமிழக அரசின் கல்வி உதவி எண் 14417. பிள்ளையை அடிப்பதும், மனரீதியாகத் துன்புறுத்துவதும் சட்டப்படி குற்றமான நடத்தை. அங்கே படிப்படியாகப் போகக் காத்திருக்க வேண்டாம், 1098-ஐ அழைக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தால்?

சட்டம் ஒன்றுதான், நடத்துபவர் வேறு. டெல்லியில் பெயர் வாங்கியவை பெரும்பாலும் மாநில அரசின் பள்ளிகள். ஆனால் அங்கே தொடக்கக் கல்வியின் பெரும்பகுதி மாநகராட்சியின் கையில் இருக்கிறது. எனவே செய்தியில் பார்த்த பள்ளியும் உங்கள் தெருப் பள்ளியும் ஒன்றாக இல்லாமல் போகலாம். மும்பை மாநகராட்சி தமிழ் உட்பட 8 மொழிகளில் பள்ளிகள் நடத்துகிறது. பெங்களூரு என்றால் கன்னடம் பாடமாக வரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ, சேர்க்கலாமா, வேண்டாமா?

பள்ளியில் 120 பிள்ளைகளுக்கு மேல் இருந்து, ஒரு வகுப்புக்கு ஒரு டீச்சர் இருந்து, கழிவறையில் தண்ணீர் வந்து, மாலையில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளும் இருந்தால், தயங்கக் காரணம் குறைவு. 2 ஆசிரியர்கள், 40 பிள்ளைகள் என்றால் யோசிக்கத்தான் வேண்டும். பள்ளியைக் காப்பாற்றும் பொறுப்பை 5 வயதுக் குழந்தையின் தோளில் ஏற்ற வேண்டியதில்லை. அப்படி முடிவெடுத்தால் குற்ற உணர்ச்சியும் வேண்டாம்.

ஆனால், அந்த முடிவைக் கேட்டுக்கு வெளியே நின்று எடுக்காதீர்கள். ஒருமுறை உள்ளே போய், எண்ணிப் பார்த்துவிட்டு எடுங்கள். உங்கள் குழந்தை அங்கே சேராவிட்டாலும், உங்கள் காவலாளியின் மகள் நாளைக் காலையும் அங்கேதான் போவாள். அவள் வகுப்பில் டீச்சர் இருக்கிறாரா என்று கேட்க, உங்கள் பிள்ளை அங்கே படிக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.